நாலு மணி ஓட்டு

சாலைத்துறைச் சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர்கள் அரசியல் விழிப்புணர்வு மிகுந்தவர்கள் என்று அரசாங்கம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஒரு தேர்தலில் உரல் சின்னம் ஜெயித்தால் அடுத்த தேர்தலில் முறம் சின்னம் ஜெயிக்கும். அதற்கடுத்ததில் மறுபடியும் உரல். இந்த வரிசை ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. தோற்றவர் ஐந்து வருடம் ஓய்வெடுப்பார். ஜெயித்தவரும் ஐந்து வருடம் ஓய்வெடுப்பார், அலவன்ஸோடு.

இரண்டாயிரத்து ஏழில், மாநிலத்தின் முதல் தேர்தல் நடந்து ஐம்பது வருடம் ஆயிற்று. ஒவ்வொரு தொகுதியும் தன்னுடைய வாக்களிப்பு வரலாற்றைப் புத்தகமாக வெளியிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. சாலைத்துறையில் பதினோரு பேர் கொண்ட குழு அமைத்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற அரசியல் பேராசிரியர் ஒருவர். அவர் முதல் வாரத்திலேயே நாற்பது பக்கத்தில் முன்னுரையை எழுதி முடித்துவிட்டு, பின்னால் வைக்க ஏதாவது இருக்கிறதா என்று அலுவலகத்தைக் கேட்டார்.

அலுவலகத்தில் தேர்தல் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் துணைத் தாசில்தார் மாதவன் தம்பி என்ற மலையாளி; தம்பி என்பது குடும்பப்பெயர். பழைய பட்டியல்களைத் தேடும் பொறுப்பு அவருக்கு வந்தது. ஓட்டு போட்டவர்களின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடிழுத்த பட்டியல்கள்தான் வேண்டும். அவற்றில் ஒரு பகுதியைக் கரையான் தின்றிருந்தது. இன்னொரு பகுதி ஒரு சூப்பிரண்டின் பிரிவுபசார விழாவில் பருப்புவடை மடிக்கப் போயிருந்தது. மிஞ்சியது ஒரே கட்டு. நாற்பத்தேழாம் வாக்குச்சாவடியின் கட்டு.

அது பிழைத்ததற்குக் காரணம், அது அலமாரியில் இல்லாமல் அலமாரிக்கு அடியில் இருந்தது. தேர்தல் பிரிவின் இரும்பு பீரோவுக்கு எழுபதாம் வருடம் முன்கால் ஒன்று ஒடிந்தது. அன்று கைக்குக் கிடைத்த பட்டியலை மடித்து முட்டுக் கொடுத்தார்கள். பீரோ ஒவ்வொரு தேர்தலுக்கும் கொஞ்சம் தாழும். அந்தந்தத் தேர்தலின் பட்டியல் ஒன்றை மேலே செருகுவார்கள். ஒழுங்கில் பிடிப்புள்ள எழுத்தர் ஒருவர் எப்போதும் நாற்பத்தேழாம் சாவடியின் பட்டியலையே செருகிவந்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் அதைச் சட்டம் என்று நினைத்துத் தொடர்ந்தார்கள்.

இப்படியாக ஒன்பது தேர்தல்களின் ஆவணம் கிடைத்தது. எழுபதுக்கு முந்தையதை அனுமானத்தால் நிரப்பிக்கொள்ளலாம் என்று பேராசிரியர் தீர்மானித்தார். கட்டை உருவியதும் பீரோ முன்பக்கம் சாய்ந்து, நடக்கிறவர்களைப் பார்த்துத் தலையாட்டத் தொடங்கியது. செங்கல் வைத்துப் பார்த்தார்கள், உயரம் அதிகம். தீப்பெட்டி நசுங்கியது. தேர்தல் நடத்தை விதிகள் புத்தகத்தை வைத்தார்கள். அது ஒருநாள்கூடத் தாங்கவில்லை.

கட்டைப் பிரித்துப் படித்தபோதுதான் தம்பி ஒரு பெயரில் வந்து நின்றார். வரிசை எண் முந்நூற்றுப் பன்னிரண்டு, கோலப்பன். ஒன்பது தேர்தலிலும் சிவப்புக் கோடு. அதோடு, வந்த வரிசையையும் ஓரத்தில் குறித்திருந்தார்கள். ஒன்பது தேர்தலிலும் முதல் ஐம்பது பேருக்குள் வந்து ஓட்டு போட்டிருக்கிறார். தொகுதியில் வேறு யாருக்கும் இந்தப் பெருமை கிடையாது. வேறு யாருடைய பட்டியலும் கிடையாது என்பதும் உண்மைதான். குழு அன்றே கூடி, கோலப்பனைத் தொகுதியின் மாதிரி வாக்காளராக அறிவித்துக் கலைந்தது.

கோலப்பன், தொகுதியின் பெரிய சந்தையான சாலைக் கம்போளத்தில், மிளகாய் வத்தல் மொத்தக் கடையில் எடை போடுகிறவர். தமிழ்ப் பக்கத்துப் பூதப்பாண்டியிலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவர். இப்போது ஐம்பத்தெட்டு. மூக்கு மிளகாய்க்கு மரத்துப்போய் முப்பது வருடம் ஆகிறது. அரசாங்க ஜீப் கடை வாசலில் நின்றபோது, முத்திரைத் தராசு பரிசோதனை என்று நினைத்து அவர் படிக்கற்களைத் துண்டால் துடைத்து வரிசையாக வைத்தார்.

தம்பி உள்ளே வந்தார். மூன்று தடவை தும்மினார். கூட வந்த பதினோரு பேர் குழுவும் வரிசைப்படி தும்மியது. பிறகு தம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஒன்பது தேர்தலிலும் தவறாமல் வாக்களித்த பெருமகன் நீர்தானா என்று கேட்டார்.

"நான் இன்னிக்கு வரைக்கும் ஒரு ஓட்டுகூட போட்டதில்ல சாரே," என்றார் கோலப்பன்.

குழு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பேராசிரியர் நெகிழ்ந்துபோய், இந்த அடக்கத்தை நூலின் நாலாம் அத்தியாயத்தில் சேர்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டார்.

கோலப்பன் சொன்னது உண்மை. சாலைக் கம்போளத்தின் வத்தல் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தேர்தலுக்கு ஊரெல்லாம் விடுமுறை என்றாலும் விருதுநகரிலிருந்து கிளம்பிய லாரிக்கு அது தெரியாது. காலையில் லாரி வரும். மூடை இறக்கி, எடை போட்டு, அடுக்கி முடிய மூன்று மணி ஆகும். அதன் பிறகு குளிக்க வேண்டும். வத்தல் கையோடு போய் வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவன் முதுகு எரியும். ஆகவே அந்தத் தெருவில் எடைக்காரர், சுமட்டுக்காரர், தரம் பிரிப்பவர் எல்லோரும் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, நாலு மணிக்குத்தான் சாவடிக்குப் போவார்கள். இது இரண்டு கட்சிகளுக்கும் தெரியும். கட்சிகளின் சாவடி நோட்டில் இப்படிப்பட்டவர்களின் பெயருக்கு எதிரே 4 என்று எழுதியிருக்கும். நாலு மணிக்கு வரப்போகிறவனின் ஓட்டு அதுவரை சும்மா கிடப்பது ஜனநாயகத்துக்கு நஷ்டம் என்பது கட்சிகளின் கொள்கை.

எழுபதில் முதல் ஓட்டு. கோலப்பன் புது இரட்டை வேட்டி கட்டிக்கொண்டு போனார். உம்முடையது ஆயிற்று என்றார்கள். உழைக்கிற ஆளுக்கு அரசாங்கமே போட்டுக்கொடுத்துவிட்டது என்று நினைத்து, கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். எழுபத்தேழில் விஷயம் புரிந்தது. எண்பதில் முணுமுணுத்துவிட்டுத் திரும்பினார். எண்பத்திரண்டில் தகராறு செய்தார். ஒரே ஆள் இரண்டு தடவை ஓட்டு போட வந்ததாகப் போலீஸ்காரர் அவரை ஒரு மணி நேரம் உட்கார்த்தி வைத்தார். எண்பத்தேழில் முதலாளியிடம் கெஞ்சி லாரி வேலையை விட்டுவிட்டு, காலை ஒன்பதுக்கே போனார். நாலு மணிக்காரர்களின் வேலையை எட்டரைக்குள் முடித்துவிடுவதுதான் வழக்கம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்.

தொண்ணூற்றொன்றில் நல்ல அதிகாரி ஒருவர் வாய்த்தார். உம்முடைய ஓட்டை வேறொருவர் போட்டிருந்தால் உமக்கு டெண்டர் ஓட்டு உண்டு என்று சொல்லி, வேறொரு சீட்டைக் கையில் கொடுத்தார். கோலப்பன் மறைப்புக்குள் போய், வாழ்க்கையில் முதன்முதலாகச் சின்னத்தின்மேல் முத்திரை குத்தினார். அதிகாரி சீட்டை வாங்கி, உறையில் போட்டு, நாலு படிவத்தை அதோடு சேர்த்து, அரக்கு வைத்தார். கோலப்பன் தெருவில் ஆறு பேருக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார். கோர்ட் சொன்னாலொழிய அந்த உறையைத் திறக்க மாட்டார்கள், எண்ணவும் மாட்டார்கள் என்பதை ஆறாவது ஆள்தான் சாயாவைக் குடித்து முடித்தபின் சொன்னார்.

தொண்ணூற்றாறில் டெண்டர் சீட்டு தீர்ந்துபோயிருந்தது. இரண்டாயிரத்தொன்றில் மெஷின் வந்துவிட்டது. அதை வாசலிலிருந்து பார்க்க விட்டார்கள். இரண்டாயிரத்தாறில் அடையாள அட்டை வந்தது. அதிகாரி அட்டையில் இருந்த படத்தையும் கோலப்பனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காலையில் வந்தவருக்குத்தான் ஜாடை அதிகம் என்றார்.

ஒவ்வொரு தடவையும் கோலப்பன் ஒரு வாரம் யோசித்து, யாருக்கு என்று ஒரு முடிவு எடுத்துக்கொண்டுதான் போவார். வீட்டிலும் சொல்ல மாட்டார். ஒன்பது முடிவுகளும் போன மாதிரியே வீட்டுக்குத் திரும்பி வந்தன.

மாதிரி வாக்காளர் செய்தி பேப்பரில் வந்தது. படத்தில் கோலப்பனுக்குப் பின்னால் தராசு தெரிந்தது, முன்னால் பதினோரு பேர் தெரிந்தார்கள். மனைவி பகவதியம்மாள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"போட்டவன் எவனோ. மாலை உங்களுக்கு. பேசாம கழுத்த நீட்டுங்க, அதுக்காவது உங்கள நேரத்துக்குக் கூப்பிட்டிருக்கானுவ."

"நான் போகல்ல. பொய்க்கு மாலை போடுவாவளா?"

"வேற எதுக்குப் போடுதாவ?" என்றாள் பகவதியம்மாள்.

கல்லூரியில் படிக்கும் மகள் ஆதிரா, வெறுதே பிரஸ்னம் உண்டாக்க வேண்டாம் அப்பா, ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லி, மலையாளத்தில் நல்ல கையெழுத்தில் ஒரு மனு எழுதிக்கொடுத்தாள். நான் ஒன்பது தேர்தலிலும் வாக்களிக்கவில்லை, பட்டியலில் திருத்தி உதவ வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

தம்பி மனுவை இரண்டு தடவை படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். பீரோ தலையாட்டியது.

"கோலப்பா, நீங்க பாவம். அதுகொண்டு நான் சாவதானமாயிட்டு சொல்லுந்நு. நீங்க ஓட்டு போடல்லன்னா, போட்டதாக் கோடு போட்ட ஒன்பது ஆபீசர்மார் கள்ளம் எழுதினவரா? அதில் ஏழு பேர் பென்ஷன் வாங்குந்நு. ஒருத்தர் மரிச்சு போயி. இன்னொருத்தர் நான்."

கோலப்பன் திடுக்கிட்டார். எந்த வருடம் என்று கேட்க வாயெடுத்தார். தம்பி கையைக் காட்டி அடக்கினார்.

அடுத்து அவர் விளக்கியது இன்னும் தெளிவாக இருந்தது. ஒரு ஆள் ஒன்பது தேர்தலில் ஒன்றில்கூட வாக்களிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால், அந்த ஆள் தொகுதியில் வசிக்கவில்லை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். வசிக்காத ஆளின் பெயரைப் பட்டியலில் வைக்க முடியாது. ஆகவே இந்த மனுவை ஏற்றுக்கொண்டால் முதல் வேலையாகக் கோலப்பனை நீக்க வேண்டும். நீக்கியபின், பட்டியலில் இல்லாத ஆள் கொடுத்த மனு செல்லாது என்று அதைத் தள்ள வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்து தரத் தாம் தயார் என்றும், இப்படி வேகமாக முடிகிற காரியம் இந்த அலுவலகத்தில் வேறு இல்லை என்றும் தம்பி சொன்னார்.

கோலப்பன் மனுவைத் திரும்ப வாங்கி நாலாக மடித்தார். "மாலையும் வேண்டாம், திருத்தமும் வேண்டாம் சாரே. இப்ப வரப்போற இடைத்தேர்தல்ல ஒரே ஒரு ஓட்டு, நானே என் கையால போட்டுக்கிடுதேன். அது நடக்குமா?"

"அதெல்லாம் நடக்கும்," என்றார் தம்பி. "மாதிரி வாக்காளர் இல்லே? முதல் ஓட்டே நிங்ஙளுடேது. காலை ஏழு மணி. புரோகிராமில் எழுதி வெக்காம்."

இடைத்தேர்தல் வந்த காரணம், சாலைத்துறை உறுப்பினர் காலமாகிவிட்டார். சட்டமன்றத்தில் இரண்டு வாரம் கழித்துக் கவனித்தார்கள். தொகுதியில் பெரிய குழப்பம். ஐந்து வருட வரிசையில்தான் உரலும் முறமும் மாறி மாறி வரும். நடுவில் வந்த தேர்தல் யாருடைய முறை என்று யாருக்கும் தெரியவில்லை.

பாராட்டு விழா கிழக்கேகோட்டைக்கு அருகே ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்தின் பூ அலங்காரத்தை எடுக்காமல் வைத்திருந்ததால், மணமகன் நாற்காலியில் கோலப்பனை உட்கார்த்தினார்கள். பக்கத்து நாற்காலியில் பேராசிரியர் உட்கார்ந்தார்.

பேராசிரியர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். சாலைத்துறை மக்கள் ஆட்சியை ஊசல்போல ஆட்டுகிறார்கள், அந்த ஊசலை ஆட்டும் கை கோலப்பனைப் போன்ற விழிப்புற்ற குடிமகனின் கை, இதைத் தாம் ஜெர்மனியில் ஒரு கருத்தரங்கில் சொல்ல இருந்தபோது விசா கிடைக்கவில்லை என்றார். அலுவலகத்தின் சார்பில் தம்பி பேசும்போது, வாக்காளரே வராவிட்டாலும் வாக்கு தவறாமல் பதிவாகும் அளவுக்கு இந்தத் தொகுதியில் நிர்வாகம் திறமையாக இருக்கிறது என்றார். கை தட்டினார்கள்.

பிறகு உரல் கட்சியின் சாலைச் செயலாளர் யோசுவா எழுந்தார். நாலு தேர்தலாக நாற்பத்தேழாம் சாவடியில் கட்சியின் ஏஜெண்டாக உட்காருகிறவர்.

"நம்ம கோலப்பண்ணாச்சி ஓட்டுன்னா, எங்க பார்ட்டிக்கு அது வீட்டுப் பிள்ளை மாதிரி. ஒரு நாளும் அந்த ஓட்டை நாங்க வெயில்ல நிக்க விட்டதில்ல. எட்டரைக்கு முன்னாலயே பத்திரமா கொண்டுபோய்ச் சேத்திருவோம். அண்ணாச்சிய ஒரு தடவைகூட சிரமப்படுத்தினதில்ல. இத நான் பெருமையாட்டு சொல்லுதேன்."

மேடையில் சும்மா இருக்க முறம் கட்சியின் திரவியத்தால் முடியவில்லை. அவர் மைக்கைப் பாதியிலேயே வாங்கினார்.

"யோசுவா பாதிதான் சொன்னாரு. உரல்காரங்க ஒரு தடவ பாத்தா, அடுத்த தடவ நாங்கல்லா பாத்துருக்கோம்? வத்தல் தெரு, அரிசித் தெரு, அந்த நாலு மணி ஓட்டு எண்ணூறு இருக்கு. ஒரு எலெக்ஷன் அவங்களுக்கு, மறு எலெக்ஷன் எங்களுக்கு. எழுபதுல பெரியவங்க பேசி வச்ச மரியாத. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் பங்குல ஒருத்தர் கை வச்சது கிடையாது. இந்த ஒத்துமைக்குல்லா மொதல்ல மாலை போடணும்?"

மண்டபத்தில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பேராசிரியர் மட்டும் தன் முன்னுரையைப் புரட்டி, ஊசல் வருகிற பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பதில் முப்பத்தாறு.

கடைசியாகக் கோலப்பனை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கை அவர் தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யோசுவா, திரவியம். ரெண்டு பேரும் சேந்து கேளுங்க. முப்பத்தேழு வருசமா எனக்காகக் கஷ்டப்பட்டுட்டிய. எனக்கு வயசாகுது. இந்த ஒரு தடவ என் ஓட்ட எனக்கே விட்டுத் தருவியளா?"

யோசுவாவும் திரவியமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டுச் சொத்தில் வெளியாள் பங்கு கேட்ட மாதிரி இருந்தது. ஆனால் இருவருக்கும் மனசு கல் இல்லை. அதோடு, இந்தத் தேர்தல் யாருடைய முறை என்ற வழக்கே தீராததால், முந்நூற்றுப் பன்னிரண்டாம் எண்ணைப் பொதுவில் விட்டுவிடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. தொட மாட்டோம் என்று இருவரும் கோலப்பனின் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். யோசுவா பைபிளின் பேரிலும், திரவியம் பத்மநாபசாமியின் பேரிலும் செய்தார்கள். நோட்டில் கோலப்பனுக்கு எதிரே இருந்த 4 என்ற எண்ணை அங்கேயே அடித்துக் காட்டினார்கள்.

தேர்தல் நாளில் கோலப்பன் லாரியை முதலாளி தலையில் கட்டிவிட்டு, காலை ஐந்தரைக்கே நாற்பத்தேழாம் சாவடியின் வாசலில் நின்றார். அது ஒரு தொடக்கப் பள்ளிக்கூடம். அவருக்கு முன்னால் யாரும் இல்லை. முந்தின இரவே கையை மூன்று தடவை தேங்காயெண்ணெய் போட்டுக் கழுவி, வத்தல் எரிச்சல் போயிற்றா என்று கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். யாருக்கு என்று முடிவும் ஆகியிருந்தது.

ஆறு மணிக்குத் தம்பி ஜீப்பில் வந்தார். கூட ஒரு பேனர் வந்தது. அதில் கோலப்பனின் படமும் 'பத்தாம் முறையாக' என்ற வாசகமும் இருந்தன. ஒரு சிம்மாசன நாற்காலியும் வந்தது. கோலப்பனை அதில் உட்காரச் சொன்னார்கள். வரிசையில்தான் நிற்பேன் என்றார். மாதிரி வாக்காளர் வரிசையில் நின்றால் மற்றவர்களுக்கு எப்படி அடையாளம் தெரியும் என்று தம்பி கேட்டார். டில்லியிலிருந்து வந்திருக்கும் சிறப்புப் பார்வையாளர் இப்போது வந்துவிடுவார், அவர் கைகுலுக்கி அழைத்துப்போய்த்தான் ஓட்டு போட வைக்க வேண்டும், டிவிக்காரர்களும் வந்திருக்கிறார்கள் என்றார். கோலப்பன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

ஏழு மணிக்கு மணி அடித்தார்கள். வரிசை உள்ளே போகத் தொடங்கியது. பார்வையாளர் வரவில்லை. எட்டு மணிக்கு ஒரு செய்தி வந்தது. அவர் விடிகாலையிலேயே கல்லாற்றுக்குப் போயிருக்கிறார். கல்லாறு பொன்மலை அடிவாரத்தில் இருக்கிறது, சாலைத்துறைத் தொகுதியில் இல்லை. தொகுதிக்கு வெளியே அமைதி நிலவுகிறதா என்று உறுதிசெய்யப் போனதாக அலுவலகம் விளக்கியது. ஒன்பதரைக்கு, ஆற்றில் தண்ணீர் நல்ல குளிர்ச்சி, அமைதி நிலவுகிறது என்று அடுத்த செய்தி வந்தது.

கோலப்பன் நாலு தடவை எழுந்தார். நாலு தடவையும் அவரை உட்கார்த்தினார்கள். வத்தல் தெருக்காரர்கள் சிலர் அந்தப் பக்கம் போகிறபோது, கோலப்பண்ணாச்சி பொண்ணு பாக்க வந்திருக்காரா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பதினொன்றே கால் மணிக்குப் பார்வையாளர் ஈரத் தலையோடு வந்தார். கோலப்பனின் கையைக் குலுக்கினார். டிவிக்காரர்களுக்காக மறுபடி குலுக்கினார். கோலப்பனின் விரலில் மை வைப்பதைப் படமெடுத்தார்கள். மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். காட்டினார். பார்வையாளர் போய்விட்டார். டிவிக்காரர்களும் போய்விட்டார்கள். கோலப்பன் மெஷின் இருந்த மறைப்பை நோக்கி நடந்தார்.

"எவிடே போகுந்நு?" என்றார் பட்டியல் வைத்திருந்த அதிகாரி.

முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு எதிரே சிவப்புக் கோடு இருந்தது. ஓரத்தில் 1 என்று இருந்தது. சாவடியின் முதல் ஓட்டு.

கோலப்பன் திரும்பி ஏஜெண்டுகளின் பெஞ்சைப் பார்த்தார். யோசுவாவும் திரவியமும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள்.

"எம் பிள்ளைமேல ஆணை, நாங்க தொடல்ல அண்ணாச்சி," என்றார் யோசுவா. அவர் கண் கலங்கியிருந்தது. திரவியத்துக்குக் கோபம் தாங்கவில்லை. நாங்க ரெண்டு பார்ட்டியும் விட்டுக் கொடுத்த ஓட்ட எவன் எடுத்தது, இந்த ஊர்ல ஒரு முறை கிடையாதா என்று அதிகாரியின் மேசையைத் தட்டினார். முப்பத்தேழு வருடத்தில் அந்தச் சாவடியில் கள்ள ஓட்டுக்கு எதிராக எழுந்த முதல் புகார் அதுதான்.

தம்பி வந்து சமாதானம் செய்தார். நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்திருந்தார்.

"இங்ஙோட்டு நோக்கு கோலப்பா. ஏழு மணி, மாதிரி வாக்காளர் முதல் வாக்கைப் பதிவு செய்கிறார். அச்சடிச்சு, மேலிடத்துக்கு அனுப்பி, அப்ரூவல் வாங்கினது. ஏழு மணிக்கு நீங்க நாற்காலியில் இருந்நு. அதுக்காக அச்சடிச்ச புரோகிராமை மாத்தான் பற்றுமா? ஏஜெண்டுமார் பேனர் பார்க்க வெளியே போன நேரம், ஆபீஸ் பியூனை வெச்சு முடிச்சு. நீங்க ஒண்ணும் சங்கடப்படண்டா, நல்ல ஆளுக்குத்தான் போட்டது."

"யாருக்கு?"

"அது சொல்லான் பாடில்லா. ரகசிய வாக்கெடுப்பு."

கோலப்பன் மை வைத்த விரலை வேட்டியில் தேய்த்துப் பார்த்தார். பிறகு, டெண்டர் ஓட்டு உண்டா என்று கேட்டார். இந்தத் தடவை இருந்தது. அதிகாரி சீட்டும் முத்திரையும் கொடுத்தார். கோலப்பன் மறைப்புக்குள் போய் நெடுநேரம் கழித்து வந்தார். சீட்டை உறையில் போட்டார்கள். இரண்டு கட்சி ஏஜெண்டுகளும் ஆட்சேபணை எழுதிக்கொடுத்ததால் இந்தத் தடவை படிவங்கள் அதிகம். பதினாலு படிவங்களையும் மடித்து, உள்ளே திணித்து, மேலே அரக்கு உருக்கி ஊற்றினார்கள். உறை ஒரு செங்கல்லில் பாதி கனம் இருந்தது.

புத்தகம் மூன்று மாதத்தில் வெளிவந்தது. நாலாம் அத்தியாயத்தில் கோலப்பனின் படம் முழுப் பக்கத்தில் இருந்தது. பத்துக்குப் பத்து என்று கீழே போட்டிருந்தார்கள். ஊசல் முப்பத்தாறு பக்கமும் அப்படியே இருந்தது. முறைச் சண்டை தீராத இடைத்தேர்தலில் இரண்டு கட்சியும் தோற்று, எதிர்பாராமல் ஒரு சுயேச்சை ஜெயித்திருந்தார். அதை அச்சுப்பிழை என்று பின்னிணைப்பில் விளக்கியிருந்தார்கள்.

மாதிரி வாக்காளருக்கு ஒரு பிரதி இலவசம். நேரில் வந்து கையெழுத்திட்டு வாங்க வேண்டும். கோலப்பன் லாரியை இறக்கி, குளித்து, வெளுத்த வேட்டியோடு நாலு மணிக்கு அலுவலகத்துக்குப் போனார். தம்பி அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தபோது கோலப்பனுக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. பீரோ தலையாட்டவில்லை.

அவர் குனிந்து பார்த்தார். ஒடிந்த காலுக்கு அடியில் ஒரு தடித்த உறை. ஓரத்தில் சிவப்பு அரக்கு. அரக்கின் கீழே பேனாவால் எழுதியது பாதி தெரிந்தது. சாவடி 47, வரிசை எண் 312.

"சாரே, அது என் ஓட்டுல்லா?"

"அதே," என்றார் தம்பி. அவர் குரலில் உண்மையான திருப்தி இருந்தது. "செங்கல் வெச்சு, புக் வெச்சு, ஒண்ணும் சரியாயில்லா. இது கிறுகிருத்யம். அளந்து செஞ்சது போல."

"எண்ணுவியளோ?"

"எண்ண மாட்டோம் கோலப்பா. பட்சே, தாங்குதில்லே?"

கோலப்பன் நாற்காலியிலிருந்து இறங்கி, தரையில் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பீரோவின் நாலு கால்களையும் மட்டம் பார்த்தார். முப்பத்தொன்பது வருடம் தராசு பிடித்த கண். எழுந்து, வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டார். மேசைமேல் இருந்த புத்தகத்தை அவர் எடுக்கவில்லை.

"பின்கால் இன்னும் அரை விரல் தாழ்வு சாரே," என்றார். "அதுக்கும் ஒண்ணு வேணும். அடுத்த எலெக்ஷனுக்கும் நான் நாலு மணிக்கே வாறேன்."